கதவின் கண்ணுக்கு வைத்த பொட்டு

பாளையங்கோட்டை கோமதிநாயகம் வீட்டில் மாப்பிள்ளையாக இருப்பதே ஒரு உத்தியோகம். அதைத்தான் நாகலிங்கம் பல வருஷமாகப் பார்த்துவருகிறார்.

ஆயுத பூஜைக்கு மறுநாள், கார் ஷெட்டின் தானியங்கிக் கதவு மக்கர் பண்ணியது. ரிமோட்டை அமுக்கினால் பாதி இறங்கும்; உடனே மேலேறிவிடும். குடும்பமே கல்யாணத்துக்குக் கிளம்பி வாசலில் காரில் வெந்துகொண்டிருந்தது.

“இந்தக் கதவை வாங்கச் சொன்னது நீங்கதானே மாப்ளே,” என்றார் மாமனார். “மூடுங்க, இல்லேன்னா காவலுக்கு இருங்க. ஆனா நான் பூஜை போட்ட எதையும் தொடப்படாது.”

நாகலிங்கம் குனிந்து பார்த்தார். குறுக்கே ஆள் நின்றால் கதவை மேலே திருப்பிவிடுகிற சென்சார் கண், கணுக்கால் உயரத்தில் இருந்தது. அதன்மேல் அப்பளம் போலச் சந்தனம், நடுவில் குங்குமம். சொன்னால் கேட்கிற மனுஷரா இவர்?

உள்ளே போய்ச் சந்தனக் கிண்ணத்தோடு வந்தார்.

“உங்க மூக்குக்கண்ணாடிக்குப் பொட்டு வைக்க விட்டுப்போச்சே மாமா. அதுவும் ஆயுதந்தானே?”

மாமனாருக்கு உச்சி குளிர்ந்தது. முகத்தை நீட்டினார். நாகலிங்கம் இரண்டு கண்ணாடியிலும் தாராளமாக அப்பினார்.

“இப்போ காருக்கு நடங்க.”

“எப்படி மாப்ளே நடக்க? ஒண்ணும் தெரியலையே.”

“கதவும் காலையிலேர்ந்து இதைத்தான் சொல்லுது மாமா.”

காருக்குள் மாமியாரின் சிரிப்பு கேட்டது. கோமதிநாயகம் வேட்டி நுனியால் கண்ணாடியைத் துடைத்தார். பிறகு குனிந்து, அதே நுனியால் கதவின் கண்ணையும் துடைத்தார்.

கதவு சமர்த்தாக இறங்கியது. நாகலிங்கம் முன்சீட்டில் ஏறி உட்கார்ந்தார்.