சிறகு முளைத்த சாட்சிகள்

முன்னொரு காலத்தில், மேகம் இறங்கி வந்து வயல்வரப்பில் உட்கார்ந்து போகும் மலைச்சீமை ஒன்றை வில்லவராயன் என்ற ராஜா ஆண்டுவந்தான். நல்லவன்தான். ஆனால் காலையில் அவனுக்கு ஒன்று தோன்றினால் மதியத்துக்குள் அது சட்டமாகிவிடும்.

அந்த நாட்டில் கடுகும் முள்ளங்கியும் அமோகமாக விளையும். பூக்கும் காலத்தில் வெள்ளை வண்ணத்துப்பூச்சிகள் கூட்டம் கூட்டமாக வரும். அதிலொன்று ஒருநாள் ராஜாவின் கிரீடத்தில் உட்கார்ந்துவிட்டது. சொக்கிப்போனான். இனி அவை அரண்மனை விருந்தாளிகள், கொல்பவருக்குச் சிறை என்று பறையடிக்கச் சொன்னான்.

சில நாள் கழித்துச் சாப்பாட்டில் கடுகுக்கீரைப் பொரியல். அதற்குள் ஒரு பச்சைப்புழு. இலையைத் தள்ளிவிட்டு எழுந்தவன், நாட்டில் பச்சைப்புழுவே இருக்கக்கூடாது, எவர் வயலில் புழு தென்பட்டாலும் சிறை என்று இன்னொரு பறை அடிக்க வைத்தான்.

அமைச்சர் அம்பலக்கூத்தரும் அந்தப் பறையைக் கேட்டார். தினமும் கடுகு வயல்களை ஒட்டி நடந்து பழகியவர் அவர். அந்தப் புழு வளர்ந்து என்னவாகும் என்று அவருக்குத் தெரியும். சொல்ல வாயெடுத்தார். பவழவண்ணர் விடவில்லை. சபையில் அமைச்சருக்கு அடுத்த ஆசனம் பவழவண்ணருடையது. அந்த ஒரு ஆசன தூரம் அவரைத் தூங்கவிடாமல் செய்துகொண்டிருந்தது. அமைச்சர் புழுவுக்கு வக்காலத்து வாங்குகிறார் என்று கேலி பேசி, புழு ஒழிக்கும் பொறுப்பைத் தானே கேட்டு வாங்கிக்கொண்டார்.

முதல் வேலையாக வெள்ளச்சி என்ற முள்ளங்கிக்காரியைச் சபைக்கு இழுத்து வந்தார். அவள் கொண்டைக்கடலை நிறத்தில் வெளுத்துப்போன சேலையோடு, அவள் வயலிலிருந்து வேரோடு பிடுங்கி வந்த, புழு மேய்ந்த செடிகளின் பக்கத்தில் நின்றாள்.

"பொறுக்கிப் பொறுக்கிப் பார்த்தேன் மகாராசா. காலையில எடுத்தா சாயங்காலம் மறுபடி இருக்கு. நான் கூப்பிட்டா வருது?" என்றாள்.

ராஜா தீர்ப்புச் சொல்லப் போனபோது அம்பலக்கூத்தர் எழுந்தார். "அரசே, இந்த வழக்குக்குச் சாட்சி அந்தப் புழுக்கள்தான். அவற்றை விசாரிக்காமல் தீர்ப்புச் சொல்வது முறையா?"

"புழு பேசுமா அமைச்சரே?"

"பேசும். இப்போது விவரம் போதாத வயது. கொஞ்சம் வளர்ந்து வரட்டும்."

ராஜாவுக்கு வேடிக்கை பிடிக்கும். சம்மதித்தான். சாட்சி வராவிட்டால் வெள்ளச்சியோடு அமைச்சரும் சிறைக்குப் போகவேண்டும் என்று பவழவண்ணர் நிபந்தனை போட்டார். அமைச்சர் தலையாட்டினார். செடிகளைத் தொட்டியில் நட்டு, மெல்லிய துணியால் மூடிச் சபையிலேயே வைத்தார்கள்.

புழுக்கள் தின்று கொழுத்தன. பிறகு ஒன்றையும் காணவில்லை. சாட்சிகள் ஓடிவிட்டன என்று பவழவண்ணர் குதித்தார். தண்டோடு தண்டாக ஒட்டியிருந்த கூடுகளைக் காட்டி, தூங்குகிறார்கள் என்றார் அமைச்சர். சொல்லிவிட்டாரே தவிர, அவருக்கே பயம்தான். அந்தச் சமயம் பார்த்துக் குளிர் அடித்தது; குளிரில் கூடு திறக்க நாளாகும். போகும்போதும் வரும்போதும் துணியை விலக்கிப் பார்ப்பார். ஒன்றும் அசையவில்லை. ராஜா பொறுமையிழந்து, மறுநாளே தீர்ப்பு என்று சொல்லிவிட்டான்.

மறுநாள் விடிந்ததும் அமைச்சர் ஓடிப்போய்ப் பார்த்தார். கூட்டுத்தோல் வழியாக வெள்ளைச் சிறகு தெரிந்தது. அப்போதுதான் அவருக்கு மூச்சு வந்தது.

சபை கூடியது. அம்பலக்கூத்தர் பவழவண்ணரிடம் ரொம்ப மரியாதையாக, இதுவரை எத்தனை புழுக்களை ஒழித்திருப்பீர்கள் என்று கேட்டார். பவழவண்ணர் மீசையைத் தடவிக்கொண்டு, "கூடை கூடையாக என் கையாலேயே எரித்திருக்கிறேன். இந்தச் சபையில் வேறு யாரும் அப்படிச் சொல்ல முடியாது" என்றார்.

அமைச்சர் துணியை எடுத்தார். கூடு வெடித்துக் கசங்கிய வெள்ளைத்துணி போல ஏதோ வெளியே வந்தது. மெல்ல விரிந்து உலர்ந்தது. பறந்துபோய் ராஜாவின் தோளில் உட்கார்ந்தது. அடுத்தடுத்து மற்றவையும் கிளம்பின.

"சாட்சி சொல்லியாகிவிட்டது அரசே. புழுவும் இதுவும் ஒரே ஆள். தங்கள் விருந்தாளிகளைக் கூடை கூடையாக எரித்தவர் யாரென்று சபையே கேட்டது."

பவழவண்ணர் பதறிப்போய், "உத்தரவு போட்டது அரசர்தானே" என்று உளறிவிட்டார்.

ராஜா தோளில் இருந்த பூச்சியையே பார்த்துக்கொண்டிருந்தான். "அப்படியானால் முதலில் சிறைக்குப் போகவேண்டியவன் நான்தான்" என்றவன் வாய்விட்டுச் சிரித்தான்.

இரண்டு சட்டங்களும் அன்றே ரத்தாயின. வெள்ளச்சி சேலையை உதறிக்கொண்டு வீடு போனாள். வண்ணத்துப்பூச்சிகளுக்கென்றே அரண்மனைச் செலவில் ஊருக்கு ஊர் ஒரு பாத்தி கடுகு போடச் சொன்னான் ராஜா. குடியானவர்கள் வயலில் பொறுக்கும் புழுக்களை நசுங்காமல் அங்கே கொண்டு சேர்க்கும் வேலை பவழவண்ணருக்கு. அமைச்சருக்குக் கிடைத்த பரிசு பெரியது: இனி அவர் சரியென்று சொன்ன பிறகுதான் எந்தச் சட்டத்துக்கும் பறை.

அடுத்த பூக்காலத்தில் ராஜா மனமிரங்கி, சபைக்குத் திரும்பச் சொல்லிப் பவழவண்ணருக்கு ஆள் அனுப்பினான். போனவன் தனியாகத் திரும்பி வந்தான். பாத்தியில் இன்னும் கூடு திறக்காத பிள்ளைகள் இருக்கின்றனவாம். குருவி கொத்திவிடும், இப்போது வர முடியாது என்று சொல்லியனுப்பிவிட்டார் பவழவண்ணர்.