எந்தக் கால்

தாண்டவராயனுக்குத் தை மாதம் வந்த முட்டிவலி பத்தே நாளில் சரியாகிவிட்டது. அதை அவர் யாரிடமும் சொல்லவில்லை, அவ்வளவுதான்.

சொன்னால் தண்ணீர் தூக்க வேண்டும். அந்தக் கடலோர மடத்துக் கிணறு வெறும் உப்பு. சவுக்குத்தோப்புக்கு அந்தப் பக்கம் இருக்கிற ஊற்றிலிருந்து சீடர்கள் முறைபோட்டு இரண்டு குடம் நல்ல தண்ணீர் கொண்டுவருவார்கள். இவருடைய முறையையும் சேர்த்துப் பொன்னுரங்கம் சுமந்தார். அவருக்கு அறுபத்திரண்டு வயது, இவரைவிட நாலு வயது மூத்தவர்.

நொண்டுகிறவருக்குப் பாய் விரித்துக் கொடுத்தார்கள். கஞ்சி இருந்த இடத்துக்கே வந்தது. யாருக்குத்தான் கசக்கும்?

ஆனால் போன வாரம் பொன்னுரங்கம் வீங்கிய தோளுக்கு எண்ணெய் தேய்த்துக்கொண்டிருந்ததை இவர் பார்த்துத் தொலைத்தார். அன்றிலிருந்து சோறு இறங்கவில்லை. சொல்லிவிடலாம் என்றால், ஒரு மாதமாக ஏமாற்றினவன் என்று ஆகிவிடுமே! வெட்கம் பிடுங்கித் தின்றது.

மாசிப் பனி விலகாத ஒரு காலையில் அவர் குமுதவல்லி அம்மாளிடம் போனார். அம்மாள் இவர்களைவிடச் சின்னவர், ஆனாலும் மடத்தில் எல்லோருக்கும் அவர்தான் குரு.

"அம்மா, பொய் எல்லா நேரத்திலும் தப்புதானா?"

"கடற்கரைக்கு வாங்க, நடப்போம்."

"முட்டி..."

"மெதுவா நடப்போம்."

ஊற்றுக்குக் கிளம்பிக்கொண்டிருந்த பொன்னுரங்கம் தன் கைத்தடியைக் கொண்டுவந்து இவர் கையில் வைத்தார். "ஊனிக்கிட்டுப் போங்க தம்பி."

ஈர மணலில் அம்மாள் முன்னே நடந்தார். இவர் வலது காலை இழுத்துக்கொண்டு பின்னே போனார். ராவணன் மீசைப் புல்லின் முள்ளுருண்டைகள் காற்றில் உருண்டன. நண்டுகள் காலடிச் சத்தம் கேட்டதும் வளைக்குள் ஓடி ஒளிந்தன. ஓரிடத்தில் வண்டிச்சக்கரம் போனதுபோல அகலமாக ஒரு தடம் கிடந்தது.

"இது என்னம்மா?"

"ராத்திரி ஆமை வந்து முட்டை போட்டுட்டுப் போயிருக்கு. வந்த தடம் இது, போன தடம் அது. மணல் எல்லாத்தையும் எழுதி வச்சிடும்."

ஊதாப் பூ பூத்த அடப்பங்கொடிப் படர்வை நெருங்கும்போது, அதன் ஓரத்திலிருந்து ஒரு சின்ன உப்புக்கொத்திக் குருவி வெளியே வந்தது. ஒரு இறக்கை தரையில் இழுபட்டது. தடுமாறி விழுந்தது, எழுந்தது, மறுபடி விழுந்தது.

"ஐயையோ, றெக்கை ஒடிஞ்சிருக்கும்மா! நாய் கீய் கடிச்சிருக்கும்!"

சும்மா சொல்லக்கூடாது, மனுஷனுக்கு நிஜமாகவே இரக்கம் வந்துவிட்டது. தடியைப் போட்டுவிட்டு ஓடினார். எட்டிப் பிடிக்கப் போகும்போதெல்லாம் குருவி நாலு அடி தள்ளி நொண்டியது. நூறு அடி ஓடியிருப்பார். விர்ரென்று இரண்டு இறக்கையும் விரித்து அது பறந்தே போய்விட்டது!

"ஏமாத்திடுச்சும்மா! கள்ளக் குருவி!" என்று சிரித்துக்கொண்டே திரும்பினார்.

சிரிப்பு பாதியில் நின்றது. நடந்து வந்த தடத்தில் ஒரு கால் மணலைக் கோடாக இழுத்திருந்தது. ஓடிய தடத்தில் இரண்டு காலும் அச்சாகப் பதிந்திருந்தன.

காது மடல் சுட்டது. இனி எப்படித் திரும்பிப் போவது? வேறு வழி தெரியாமல் நொண்டிக்கொண்டே நடந்தார். பாதி தூரம் வந்த பிறகுதான் உறைத்தது, இழுத்துக்கொண்டிருந்தது இடது கால். மாற்றினால் அது அதைவிடக் கேவலம். ஓடி ஒளிய நண்டுக்கு இருக்கிற வளை தனக்கு இல்லையே என்று நினைத்துக்கொண்டார்.

அம்மாள் கொடிக்குப் பக்கத்தில் குந்தியிருந்தார். இவர் காலை அவர் பார்க்கவே இல்லை.

"அங்கேயே நின்னு பாருங்க. இன்னும் ரெண்டு எட்டு வச்சிருந்தா மிதிச்சிருப்பீங்க."

மணல் நிறத்திலேயே மூன்று குருவி முட்டைகள்.

தாண்டவராயன் கேட்டார். "அப்ப அது நடிச்சது தப்பில்லைதானே அம்மா?"

"தப்பில்லை. காப்பாத்த அதுக்கு மூணு முட்டை இருக்கு." அம்மாள் எழுந்து கைமணலைத் தட்டினார். "உங்களுக்கு என்ன இருக்கு?"



அந்த நேரம் பார்த்துத்தான் தோப்பிலிருந்து பொன்னுரங்கம் வந்தார், தோளில் ஒரு குடம், கையில் ஒரு குடம். இவரைக் கண்டதும் இரண்டையும் இறக்கி வைத்தார்.

"என்ன தம்பி, தடியில்லாம நிக்கிறீங்க? கால் என்னத்துக்கு ஆகும்?"

வீங்கிய தோளை ஒரு கையால் பிடித்துக்கொண்டு குனிந்து, மணலில் கிடந்த தடியை எடுத்தார். வேட்டியில் துடைத்தார். கொண்டுவந்து நீட்டினார்.

"இப்ப வலி எப்படி இருக்கு?"

தாண்டவராயன் அம்மாளைப் பார்த்தார். கண்ணில் நீர் முட்டிக்கொண்டு நின்றது.

"என்னை ஏன் பாக்கறீங்க?" என்றார் அம்மாள். "கேட்டது அவரு."