பாடாத புருஷன் பாடிய பாட்டு

வெகு காலத்துக்கு முன்னால் வங்காரபுரி என்ற கடற்கரை நாட்டை விசித்திரவர்மர் என்றொரு ராஜா ஆண்டுவந்தார். ஒரு தீர்ப்பு சொல்வார். கை கழுவிவிட்டு வருவதற்குள் அதையே மாற்றிவிடுவார்.

அவருடைய சபையில் ஒருநாள் செம்பாயி என்றொரு பெண் வந்து நின்றாள். அவள் புருஷன் காத்தமுத்து ராஜாவின் கப்பலில் போய் மூன்று வருஷம் ஆகியிருந்தது. கப்பலும் திரும்பவில்லை, ஆளும் திரும்பவில்லை.

"மகாராஜா, சங்கு விக்கிறவன் ஒருத்தன் எங்க வீட்டுக்காரர்கிட்டேருந்து சேதின்னு சொல்லிச் சொல்லியே காப்பு, கொலுசெல்லாம் வாங்கிட்டுப் போயிட்டான். 'உன்னை நினைச்சுப் பாடிக்கிட்டே இருக்கார்'னான். பக்கத்துத் தெருப் பொண்ணுக்கும் அதே சேதியைச் சொல்லியிருக்கான். காவல் சாவடியில சொன்னா விரட்டுறாங்க."

காவல் தலைவர் தண்டபாணியார் சிரித்தார். "உன் புருஷன் பாடுவானா?"

"பாட மாட்டாருங்க."

"அப்புறம் எப்படி நம்பினாய்? அரசே, முட்டாள்கள் ஏமாறுவதற்கெல்லாம் நான் காவல் போட முடியுமா? என் வீட்டுப்பக்கம் வந்து வாலாட்டச் சொல்லுங்கள் பார்ப்போம்!"

செம்பாயிக்கோ வேறொரு கேள்வி. சேதி பொய்யென்றால் அவர் எங்கே? அந்தக் கேள்விக்குப் பயந்தே ஒரு மாதம் முறையிடாமல் இருந்தவள் அவள்.

அமைச்சர் கொழுந்தப்பர் எழுந்தார். அவர் எழுந்தாலே தண்டபாணியாருக்கு வயிறு எரியும். "பார்த்துவிடலாமே! தலைவர் கப்பலேறிவிட்டார் என்று ஊரில் சொல்லிவிட்டு, அரண்மனையில் ஒளித்துவைப்போம். அவர் வீட்டம்மாவுக்கும் தெரியக்கூடாது."

"ஆகா!" என்று ராஜா துள்ளினார். தண்டபாணியார் மறுக்க முடியாமல் விழித்தார்.

நாற்பது நாள் போயிற்று. சங்குக்காரன் தலைவர் வீட்டுக்கு ஒருமுறை வந்துபோனான், மறுநாளும் வருவான் என்று தகவல் கிடைத்தது. அமைச்சர் தண்டபாணியாரைக் கொல்லைப்புறமாக அழைத்துவந்து கதவுக்குப் பின்னால் நிறுத்தினார். ஆளை அடையாளம் காட்டச் செம்பாயியும் நின்றாள்.

"ஐயா சுகம், அம்மா. உங்க கையால மிளகாய் வற்றல் வேணுமாம். அதை நினைச்சே இளைச்சுட்டார்" என்றான் சங்குக்காரன்.

தலைவரின் மனைவி அழுதுகொண்டே சிரித்தாள். காதிலிருந்த தோட்டைக் கழற்றினாள்.

"நான் மிளகாயைத் தொடவே மாட்டேனே! இவள் எப்படி நம்புகிறாள்?" என்று தண்டபாணியார் முணுமுணுத்தார்.

"கடல் தாண்டிப் போனா நாக்கு மாறியிருக்கும்னு நினைச்சிருப்பாங்க, ஐயா. எங்க வீட்டுக்காரர் பாடக் கத்துக்கிட்டார்னு நானும் அப்படித்தான் நினைச்சேன்."

அவர் கதவிடுக்கு வழியே மனைவியின் முகத்தைப் பார்த்தார். செம்பாயியோ, பொய்யன் என்று தெரிந்தும், காத்தமுத்துவைப் பற்றி இன்னும் ஒரு வார்த்தை சொல்லமாட்டானா என்று காதைத் தீட்டிக்கொண்டிருந்தாள். தன்னை நினைத்தே அவளுக்கு அழுகை வந்தது.

அப்புறமென்ன, தலைவரே பாய்ந்து அவனைப் பிடித்தார். காப்பும் கொலுசும் திரும்பி வந்தன. சபையில் ராஜா கேட்டார்: "தண்டபாணியாரே, ஏமாந்தவர்களெல்லாம் முட்டாள்களா?"

"நான்தான் முட்டாள், அரசே."

"அமைச்சருக்கு முத்துமாலை! நீர் நிஜமாகவே கப்பலேறிக் காணாமல்போனவர்களைத் தேடிவாரும்!" இந்தத் தீர்ப்பை மட்டும் ராஜா மாற்றவேயில்லை.

துறைமுகத்தில் தண்டபாணியார் செம்பாயியைத் தேடிவந்து கேட்டார்: "காத்தமுத்துவிடம் என்ன சொல்லட்டும், அம்மா?"

சங்குக்காரனிடம் அவள் நாழிக்கணக்கில் சேதி சொல்லி அனுப்பியவள். இப்போது கப்பலையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

"ஒண்ணும் சொல்ல வேண்டாங்க. இருக்காரான்னு மட்டும் பார்த்துட்டு வாங்க. இல்லேன்னாலும் இல்லேன்னே சொல்லுங்க."