ரம்பத்துக்குக் கிடைத்த பதில்

அந்தக் காலத்தில் சிறுத்தைக்கு மணிப்புறாவின் குரல் இருந்தது. மிருகங்களும் மனிதர்களும் ஒரே பேச்சுப் பேசினார்கள். மரம் அறுக்க வருகிறவர்கள் அடிமரத்தை மூன்று முறை தட்டி, "உள்ளே யாராவது இருக்கிறீர்களா?" என்று கேட்க வேண்டும். பதில் வந்தால் அந்த மரத்தை விட்டுவிட வேண்டும். காட்டில் இருந்த சட்டம் இது ஒன்றுதான்.

ஒரு சிறுத்தை வேங்கை மரப் பொந்தில் இரண்டு குட்டிகளை ஈன்றிருந்தது. பொந்தின் வாய் ஆள் உயரத்துக்கு மேலே. உள்ளே தூர்வரை இறங்கும். போன ஈற்றுக் குட்டிகளைக் கழுதைப்புலி நயமாகக் கூப்பிட்டு வெளியே வரவைத்துத் தின்றிருந்தது. அதனால் இரைக்குப் புறப்படும்போதெல்லாம் சிறுத்தை சொல்லும்: "யார் கூப்பிட்டாலும் வாய் திறக்கக் கூடாது. நான் கூப்பிட்டால் மட்டும்தான்."

ஒரு காலையில் கொம்பையாவும் அவன் மைத்துனன் பேச்சிமுத்துவும் ரம்பத்தோடு வந்தார்கள். கொம்பையா தட்டினான். கேட்டான். பதில் இல்லை.

"இன்னொரு தடவை கேளுங்க மச்சான்."

"உங்க அக்காகிட்டதான் எதையும் ரெண்டு தடவை கேக்கணும். இது மரம்டா."

ஆளுக்கொரு பக்கம் மண்டியிட்டு இழுத்தார்கள். பாதி மரத்தில் கீச்சென்று ஒரு சத்தம்.

"ரம்பம் கத்துது. எண்ணெய் விடு மாப்ள."

பேச்சிமுத்து எண்ணெய் விட்டான். மரத்தூள் சிவந்து வந்தது. அவன் கை நின்றது.

"வேங்கைன்னா பால் சிவப்பாத்தான் வரும். இழு."

மரம் விழுந்தது. அறுபட்ட பொந்தில் குட்டிகளைப் பார்த்ததும் ரம்பத்தைக் கீழே போட்டார்கள்.

சிறுத்தை வாயில் மான்குட்டியோடு திரும்பியது. அதைக் கீழே போட்டது.

"தட்டினீர்களா?"

"மூணு தடவை. கேக்கவும் செஞ்சோம்."

சட்டப்படி அவர்கள்மேல் குற்றமில்லை. சிறுத்தை அவர்களைத் தொடவில்லை. குட்டிகளிடம் போய்ப் புறாக் குரலில் கூப்பிட்டது. நெடுநேரம் கூப்பிட்டது. பிறகு திரும்பி வந்தது.

"கடைசிவரை வாயே திறக்கவில்லையா?"

பேச்சிமுத்துதான் சொன்னான்.

"ஒரு தடவை. ரம்பம் இழுக்கையிலே."

"அதை இழுத்துக் காட்டுங்கள்."

விழுந்த மரத்தில் வைத்து இழுத்தார்கள். சிறுத்தை பக்கத்தில் உட்கார்ந்து கேட்டது. மூச்சை உள்ளே இழுத்தது, வெளியே தள்ளியது. பொழுது சாய்வதற்குள் எது ரம்பம், எது தொண்டை என்று அவர்களுக்கே தெரியவில்லை.

அன்று முதல்தான் சிறுத்தை கூப்பிடும்போது யாரோ மரம் அறுப்பதுபோலக் கேட்கிறது. கொஞ்சம் அறுக்கும். நிறுத்திக் காது கொடுக்கும். மறுபடி அறுக்கும்.