நாச்சிமுத்து வரைந்த சக்கரவர்த்தி

“ஒரு கையெழுத்துத்தான் கேக்கறேன் டீச்சர். அதுக்கு மூணு வாரமா இழுத்தடிக்கறீங்க” என்றார் நாச்சிமுத்து.

மின்வாரியத்தில் ஓய்வு பெற்றவர். வயது அறுபத்து மூன்று. டீச்சர் தெய்வானைக்கு முப்பத்தாறு. பழைய காசைப் பார்த்து இன்னாருடையது என்று சொல்வதில் கரூரில் தெய்வானையை மிஞ்ச ஆளில்லை. அதனால் வயதைத் தூக்கி ஓரமாக வைத்துவிட்டு, இரண்டு வருடமாக நாச்சிமுத்து டீச்சர் வீட்டுக்கு வந்து பாடம் கேட்கிறார்.

மேஜைமேல் ரோமாபுரி வெண்கலக் காசு ஒன்று கிடந்தது. அமராவதி ஆற்று மணலைச் சலித்து நாச்சிமுத்துவே எடுத்தது. சுண்டுவிரல் நகத்தைவிடக் கொஞ்சம் பெரிது.

“யார் காசுங்க?” என்று கேட்டார் டீச்சர்.

“புரோகோப்பியஸ். எட்டே மாசம் ஆண்ட சக்கரவர்த்தி. லேசுல கிடைக்காத காசு.”

“பேர் தெரியுதுங்களா?”

“எழுத்தெல்லாம் தேஞ்சு போச்சுங்க.”

“அப்புறம் எப்படிச் சொல்றீங்க?”

“தாடிங்க. அப்ப அவனை எதிர்த்து நின்ன ரெண்டு ராஜாவும் மழுமழுன்னு இருப்பாங்க. இவன் ஒருத்தன்தான் தாடிக்காரன்.”

டீச்சர் காசை எடுத்து வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்தார்.

ஞாயிற்றுக்கிழமை நாணயச் சங்கக் கூட்டம். அழைப்பிதழில் நாச்சிமுத்து பெயரும் புரோகோப்பியஸ் பெயரும் அச்சாகிவிட்டன. ‘மண்ணைச் சலிக்கிற மாமனார்’ என்று பந்தியில் வைத்தே கிண்டலடித்த மாப்பிள்ளையை முதல் வரிசையில் உட்கார வைப்பதாக ஏற்பாடு. புரோகோப்பியஸ் காசுதான் என்று டீச்சர் போட வேண்டிய கையெழுத்து ஒன்றுதான் பாக்கி.

டீச்சர் ஒரு வெள்ளைத் தாளில் காபி டம்ளரைக் கவிழ்த்து, சுற்றிலும் கோடு போட்டார். பென்சிலையும் ரப்பரையும் அவர் பக்கம் நகர்த்தினார்.

“காசைப் பார்த்து வரைங்க. அதுல இருக்கறதை மட்டும்.”

“வரைஞ்சா கையெழுத்துப் போடுவீங்களா?”

“பாக்கலாமுங்க.”

நாச்சிமுத்து பள்ளிக்கூட வயதில் சைக்கிளிலிருந்து விழுந்தவர். அன்று கோணிப்போன மூக்கின்மேல் கண்ணாடியை ஏற்றிக்கொண்டு, லென்ஸைப் பிடித்துப் பார்த்துப் பார்த்து வரைந்தார். அரைமணி நேரமாயிற்று. நெற்றி வந்தது, கண் வந்தது, எடுப்பான மூக்கு வந்தது. தாடியை முடி முடியாக இழைத்தார். தன் கைக்கு இவ்வளவு வருமா என்று அவருக்கே பெருமையாக இருந்தது.

டீச்சர் தாளை வாங்கிப் பார்த்தார். பிறகு நாச்சிமுத்துவின் முகத்தைப் பார்த்தார். மறுபடியும் தாளைப் பார்த்தார்.

“மூக்கு ஏனுங்க நடுவுல கோணியிருக்கு?”

“காசுல அப்படித்தானுங்க இருக்கு.”

“சக்கரவர்த்தியும் சைக்கிள்ல இருந்து விழுந்தாருங்களா?”

நாச்சிமுத்துவுக்குச் சுருக்கென்றது. லென்ஸை எடுத்துக் காசைப் பார்த்தார். மூக்கு இருக்க வேண்டிய இடம் வழவழவென்று தேய்ந்து கிடந்தது. அதற்குக் கீழே தாடையெங்கும் பச்சையாகக் களிம்பு பிடித்திருந்தது.

ரப்பரை எடுத்து மூக்கை அழித்தார்.

ரப்பரைக் கீழே வைக்கவில்லை. மாப்பிள்ளையை நினைத்தார், முதல் வரிசை நாற்காலியை நினைத்தார்.

பிறகு தாடியையும் அழித்தார்.