யார் கை முழம்?

ஊருக்கு ஒரு ராஜா இருந்த அந்தக் காலத்தில், கருவேல நாட்டை இளவழுதி என்றொரு ராஜா ஆண்டுவந்தார். நல்ல மனிதர்தான். ஆனால் காலையில் ஒரு பேச்சு, மாலையில் ஒரு பேச்சு. கடைசியாகக் காதில் ஓதியவர் யாரோ, அவர் பக்கம் சாய்ந்துவிடுவார். ஓதுவதில் கெட்டிக்காரர் அரசவைப் புலவர் சொல்லேறு. ‘சொல்லேறு’ என்ற பட்டத்தை அவருக்குக் கொடுத்தது யார் என்று கேட்காதீர்கள். அவரேதான்.

அந்த வருஷம் ஐந்து நாட்டு ராஜாக்கள் சேர்ந்து மலையிலிருந்து கடல்வரை ஒரு கல்சாலை போட முடிவு செய்தார்கள். வண்டிச் சக்கரங்கள் உருள அதில் இரண்டு பள்ளத் தடங்கள் வெட்டுவார்கள். தடத்துக்கும் தடத்துக்கும் எவ்வளவு இடைவெளி என்று தீர்மானிக்க, ஏழு மாதத்தில் ஐந்து நாட்டுச் சபை கூடவேண்டும். கருவேல நாட்டில் மூவாயிரம் வண்டிகள். அளவு பொருந்தாவிட்டால் அத்தனையும் விறகு. வண்டிப் பட்டறைக்காரர்களுக்குச் சோறு இறங்கவில்லை.

மந்திரி அறவாழி ராஜாவிடம் போனார். “மகாராஜா, பட்டறைக்காரர்களில் இருபது பேரைப் பொறுக்கி, அரண்மனைச் செலவில் ஆறு மாதம் பயிற்சி கொடுப்போம். சபை ஓலையை எப்படி வாசிப்பது, எந்தச் சொல்லில் கண்ணி இருக்கும், எப்போது எழுந்து மறுப்பது, வெற்றிலை போடுகிற நேரத்தில் அடுத்த நாட்டுக்காரரிடம் என்ன பேசுவது, எல்லாம் சொல்லித் தரவேண்டும்.”

சொல்லேறு வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். “உளி பிடிக்கிற கைக்கு ஓலை எதற்கு? அரண்மனைச் சோற்றைத் தின்றுவிட்டுக் கொட்டாவி விடுவார்கள். என்னை அனுப்புங்கள். நான் வாய் திறந்தால் நாலு நாட்டாரும் வாய் மூடுவார்கள்.”

ராஜா அந்தப் பக்கம் சாய்ந்தார். மந்திரி மல்லுக்கு நிற்கவில்லை. “அப்படியே ஆகட்டும். ஒரேயொரு ஒத்திகை. புலவர் அளவைச் சொல்லட்டும். முற்றத்தில் இருபது அடிக்குத் தடம் போடுவோம். வண்டியில் மகாராஜாவே ஏறி வரலாம்” என்றார். வண்டி என்றதும் ராஜாவுக்கு வாயெல்லாம் பல்.

“சக்கரத்துக்குச் சக்கரம் நாலு முழம்! தடத்துக்குத் தடம் நாலு முழம்!” என்று சொல்லேறு ராகம் போட்டு மூன்று தரம் பாடினார். மந்திரி அதை ஓலையில் எழுதி, எல்லார் முன்னும் படித்துக் காட்டினார். தடம் வெட்டும் வேலை நெட்டையான ஒரு கொத்தனாருக்குப் போனது. வண்டி வேலை பொன்னக்காளுக்கு. புருஷன் போனபிறகு தனியாளாகப் பட்டறை நடத்துகிறவள் அவள். ஆள் குள்ளம். ஓலையைக் கேட்டதும் ஏதோ சொல்ல வாயெடுத்தாள். பிறகு கும்பிட்டுவிட்டுப் போய்விட்டாள்.

பத்தாம் நாள் ராஜா வண்டியில் ஏறினார். பக்கத்தில் சொல்லேறு. மாடு நாலடி வைத்தது. இடது சக்கரம் தடத்தில் இறங்கியது, வலது சக்கரம் கல்மேல் ஏறியது. வண்டி சாய்ந்து, கிரீடம் கிணற்றடிவரை உருண்டு, ராஜா புலவர்மேல் விழுந்தார்.

“யார் செய்த வேலை இது? தலையை வாங்குகிறேன்!”

“ஓலையில சொன்னபடி நாலு முழம்தாங்க” என்று கொத்தனார் தம் நீண்ட கையை நீட்டிக் காட்டினார்.

“எனதும் நாலு முழம்தாங்க” என்று பொன்னக்காள் தன் குட்டைக் கையைக் காட்டினாள்.

ராஜா இரண்டு கையையும் மாறிமாறிப் பார்த்தார். கோபம் பாதியில் நின்றது. பொன்னக்காளிடம் கேட்டார்: “இப்படி ஆகும் என்று உனக்கு முன்பே தெரியுமா?”

“ஓலையப் படிச்சுக் காட்டுனப்பவே தெரியும் மகாராசா. யாரு கை முழம்னு அதுல இல்ல. எங்க தொழில்ல மொதக் கேள்வியே அதான்.”

“தெரிந்துமா வாய் திறக்கவில்லை?”

“சபையில எப்ப வாயத் தொறக்கணும், தொறந்தா மொத வார்த்தை என்ன சொல்லணும்னு எனக்கு யாரு சொல்லிக் குடுத்தா?”

ராஜாவுக்கு அப்போதுதான் உறைத்தது. விடை தெரிந்தவள் பத்து நாள் எதிரிலேயே இருந்திருக்கிறாள். கேட்க ஆளில்லை. மறுநாளே யானை கட்டும் கொட்டாரத்தைக் காலிசெய்து, பொன்னக்காள் உட்பட இருபது பேருக்குப் பயிற்சி தொடங்கினார்கள். சொல்லேறு காலையில் பட்டறைக்காரர்களுக்குப் பேச்சு சொல்லித்தர வேண்டும், மத்தியானம் அவர்களிடம் உளி பிடிக்கக் கற்க வேண்டும் என்று ராஜ கட்டளை. நாலே நாளில் புலவர் கையில் கொப்புளம், பேச்சில் பணிவு.

ஐந்து நாட்டுச் சபையில் மலைநாட்டுத் தூதர் “நாலு முழம்” என்று வாசித்தார். பொன்னக்காள் எழுந்தாள். “யார் கை முழம் என்பதையும் ஓலையில் சேர்க்கவேண்டும்” என்றாள். சபை மூன்று நாள் அமளிப்பட்டது. கடைசியில் அவள் சொன்ன யோசனைப்படி, நாட்டுக்கு ஒருவராக ஐந்து பேர் கையை அளந்து, கூட்டி ஐந்தாகப் பகுத்து, அந்த நீளத்துக்கு ஓர் இரும்புக்கோல் அடித்தார்கள். அச்சில் சின்ன மாற்றம் செய்தால் எல்லா நாட்டு வண்டியும் ஓடும்.

ஆனால் ராஜாவுக்கு மனசு ஆறவில்லை. “நம் நாட்டு முழத்தையே வாங்கி வந்திருக்கலாமே? அதற்குத்தானே ஆறு மாதம் சோறு போட்டேன்!”

“வாங்கியிருக்கலாம் மகாராசா. அவங்க அசந்த நேரமா பாத்து ஒரு சொல்லச் சேத்திருந்தா போதும். அந்த வித்தையும் சொல்லித்தான் குடுத்தாங்க. ஆனா அவங்க வண்டியெல்லாம் விறகாயிருக்கும். அந்த நாட்டுலயும் என்னய மாதிரி பட்டறைய நம்பி ஒருத்தி இருப்பாளே.”

ராஜா கழுத்து மாலையைக் கழற்றி அவளுக்குப் போட்டார். பிறகு குரலைத் தாழ்த்தி, “அடுத்த சபைக்கு நானும் வரட்டுமா?” என்று கேட்டார்.

“தாராளமா வாங்க மகாராசா. ஆறு மாசம் பயிற்சிய முடிச்சிட்டு வாங்க.”

சொல்லேறு பதறிப்போய் மந்திரியைப் பார்த்தார். மந்திரி கூரையைப் பார்த்தார். ராஜா மறுநாள் விடியற்காலையில் கொட்டாரத்துக்குப் போனார். புதிதாகப் பயிற்சிக்கு வந்த பட்டறைக்காரர்களால் முன்வரிசை நிரம்பியிருந்தது. பேசாமல் பின்னால் போய் உட்கார்ந்தார்.