பையோடு நட்ட மரம்

“மரம் வச்சாத்தான் கரண்டு தருவாங்களாம். இது என்ன கூத்து, தாயே?”

வந்ததும் வராததுமாக ஆவுடையப்பன் பொரிந்தார்.

மடத்துக் கூடத்தில் உலகம்மை அரிசியில் கல் பொறுக்கிக்கொண்டிருந்தார். தலை நிமிரவில்லை.

“யாரு சொன்னது?”

“நகராட்சியில இருந்து காதர் மைதீன்னு ஒருத்தர் வந்தாரு. கட்டடம் நல்லாருக்கு, கக்கூஸ் நல்லாருக்குன்னு தலையை ஆட்டினாரு. தெற்கு முற்றத்தை எட்டிப் பார்த்தாரு. அவ்வளவுதான், பேனாவைத் திரும்பச் சட்டையில சொருகிட்டாரு. மண்ணு எங்கே, மரம் எங்கேன்னு கேட்டுட்டு வண்டி ஏறிப் போயிட்டாரு.”

“நீங்க என்ன சொன்னீங்க?”

“சொல்ல என்ன இருக்கு? முற்றம் முழுக்கச் சிமெண்டு போட்டு வழவழன்னு வச்சிருக்கேன். அதைப் பாராட்டுவாருன்னு நினைச்சேன்!”

ஆவுடையப்பன் அந்த ஊரில் பாதி வீடுகளைக் கட்டிய காண்டிராக்டர். தலை நரைத்த பிறகு மடத்துக்கு வந்து சேர்ந்தவர். குரு உலகம்மைக்கு அவர் அப்பா வயது. ஆனாலும் அவர் ‘தாயே’ என்பார், குரு ‘ஐயா’ என்பார். இரண்டு பேருக்கும் அது பழகிப்போயிருந்தது.

மடம் என்றால் பெரிதாக நினைத்துவிடாதீர்கள். ஒரு கூடம், ஒரு அடுப்படி. பக்கத்திலேயே கொஞ்சம் காலி நிலம். அந்த நிலத்தில்தான் புதுக் கட்டடம் எழும்பியிருந்தது.

யாருக்கு? பெரியாஸ்பத்திரி வாசலில் கிடக்கிறார்களே, அவர்களுக்கு. புருஷன் உள்ளே கட்டிலில் கிடப்பான். பெண்டாட்டி வெளியே மதிலோரம் நடைபாதையில் முந்தானையை விரித்துப் படுப்பாள். மழை வந்தால் படுக்கிறது ஏது? உரச் சாக்கைத் தலையில் போட்டுக்கொண்டு விடியவிடிய நிற்பாள். பார்த்தால் வயிறு எரியும்.

அந்தப் பெண்கள் தங்கத்தான் வீடு. கட்டில் வந்தாயிற்று, மெத்தை வந்தாயிற்று, கதவுக்கெல்லாம் தாழ்ப்பாள் போட்டாயிற்று. கரண்டு மட்டும் இல்லை. கரண்டு இல்லாமல் மோட்டார் ஓடாது, குழாயில் தண்ணீர் வராது. கரண்டுக்கு நகராட்சியின் நிறைவுச் சான்று வேண்டும். சான்றுக்கு மரம் வேண்டும்.

ஐப்பசி நெருங்கிக்கொண்டிருந்தது.

பேச்சியம்மாள் என்று ஒருத்தி. புருஷனுக்குக் கிட்னி போய்விட்டது. ஆவுடையப்பன் ஆஸ்பத்திரிப் பக்கம் போகும்போதெல்லாம் நடைபாதையிலிருந்து குரல் கொடுப்பாள்.

“ஐயா, வீடு எப்போ திறப்பீங்க?”

“இந்தா, அடுத்த வாரம்.”

அடுத்த வாரம், அடுத்த வாரம் என்று சொல்லிச் சொல்லி அவர் நாக்குக்கே வெட்கமாகப் போய்விட்டது. இப்போதெல்லாம் அந்தப் பக்கம் போகாமல் சந்து வழியாகச் சுற்றிப் போகிறார்.

“அதுவும் போகட்டும் தாயே,” என்றார் ஆவுடையப்பன். “அந்த முற்றத்துல தகரம் போட்டு இன்னும் பத்துக் கட்டில் போடலாம்னு வச்சிருந்தேன். பத்துப் பொம்பளைங்க! மரத்துக்கு இடம் விட்டா, அந்தப் பத்துப் பேரை எங்கே படுக்க வைப்பேன்? நீங்களே சொல்லுங்க.”

உலகம்மை ஒரு கல்லை எடுத்து வெளியே எறிந்தார்.

“சாப்பிட்டுட்டுப் போங்க ஐயா.”

அவ்வளவுதான் பதில்.

பதில் வராவிட்டால் அதைச் சம்மதம் என்று எடுத்துக்கொள்வது காண்டிராக்டர் புத்தி. மடத்துக்கு வந்தும் அது மட்டும் அவரை விட்டுப் போகவில்லை.

மனுசன் லேசுப்பட்டவரா? மறுநாளே ஒரு லோடு செம்மண் வந்து இறங்கியது. சிமெண்டுத் தளத்தின் மேலேயே அதைக் கொட்டிப் பரப்பினார். அங்கங்கே தளத்தை மேலாகக் கொத்தி, பை உட்காரும் அளவுக்கு மட்டும் குழி எடுத்தார். நாற்றுப் பண்ணையிலிருந்து வேம்பும் புங்கனும் மகிழமும் வாடகைக்கு வந்தன. ஆமாம், வாடகைக்குத்தான்.

“பை கிழியாமத் திருப்பித் தரணும்,” என்று பண்ணைக்காரன் கறாராகச் சொல்லியிருந்தான். “பை கிழிஞ்சா செடி உங்களோடது. நான் எடுக்க மாட்டேன்.”

“பை மேல கையே படாதுய்யா!”

கறுப்புப் பையோடு ஒவ்வொரு செடியையும் குழிக்குள் இறக்கி, மேலே மண்ணைத் தூவி மூடினார். இடுப்பு உயரத்துக்கு வரிசையாக நின்றன. பார்க்கத் தோப்பு மாதிரி இருந்தது. ஆவுடையப்பனுக்கு மீசை துடித்தது.

இன்ஸ்பெக்‌ஷன் அன்றைக்குச் சாயங்காலம் நாலு மணிக்கு.

உச்சிவெயிலில் உலகம்மை வந்தார். கையில் ஒரு செம்பு தண்ணீர்.

“வாங்க தாயே, வாங்க! எப்படி இருக்கு நம்ம தோப்பு?”

உலகம்மை முதல் வேம்பின் காலடியில் தண்ணீரை ஊற்றினார்.

தண்ணீர் உள்ளே போகவில்லை. பை நிறைந்து, மேலே வந்து, வழிந்து ஓடியது. ஓடின தடத்தில் செம்மண் கரைந்து விலக, கீழே சிமெண்டு பல்லைக் காட்டியது.

“குடிக்கலையே ஐயா.”

ஆவுடையப்பன் சிரித்துவிட்டார். குருவிடம் மறைத்து என்ன ஆகப்போகிறது?

“குடிக்க வேண்டாம் தாயே. இன்ஸ்பெக்‌ஷன் வரைக்கும் நின்னாப் போதும். அவர் கையெழுத்துப் போட்டுட்டுத் திரும்புவாரு, செடி பண்ணைக்குத் திரும்பும். மண்ணை அள்ளிட்டா முற்றம் நமக்கு. பத்துக் கட்டிலும் போட்டுறலாம். எத்தனை கட்டடத்துல இதைப் பண்ணியிருக்கேன்! ஒரு பயல் கண்டுபிடிச்சதில்லை.”

உலகம்மை செம்பைக் கீழே வைத்துவிட்டு நேராகக் கட்டடத்துக்குள் போனார்.

ஆவுடையப்பன் பின்னாலேயே போனார்.

உள்ளே வரிசையாகக் கட்டில்கள். எல்லா மெத்தையும் கடையிலிருந்து வந்த பிளாஸ்டிக் கவருக்குள்ளேயே இருந்தது. திறப்பு விழா வரைக்கும் அழுக்குப் படக்கூடாது, யாரும் கவரைக் கிழிக்கக்கூடாது என்பது ஆவுடையப்பன் போட்ட சட்டம்.

உலகம்மை முதல் கட்டிலில் ஏறிப் படுத்தார். கவர் சரசரவென்று கத்தியது.

மேலே மின்விசிறி சும்மா தொங்கிக்கொண்டிருந்தது. வெளியே வெயில் கொளுத்தியது. கொஞ்ச நேரத்திலேயே அவர் நெற்றியில் வேர்வை அரும்பியது. கழுத்தில் வழிந்தது. கவர் மேல் சொட்டி, உள்ளே இறங்க வழியில்லாமல் அவர் முதுகுக்கடியிலேயே தேங்கியது.

“தாயே, கவரைக் கழட்டிட்டுப் படுங்க. வேர்த்துக் கொட்டுதே!”

“இருக்கட்டும்.”

“முதுகு வெந்துரும் தாயே!”

“நாலு மணிக்குத்தானே அவர் வர்றாரு?” என்றார் உலகம்மை, கண்ணை மூடிக்கொண்டே. “அதுவரைக்கும் படுத்தாப் போதும்.”

ஆவுடையப்பன் துண்டை எடுத்து விசிறினார். விசிறிப் பார்த்தார். உலகம்மை புரண்டு படுத்தார். கவர் மறுபடியும் கத்தியது. சேலை முதுகோடு ஒட்டிக்கொண்டிருந்தது.

துண்டு பிடித்த கை மெல்ல நின்றது.

ஜன்னல் வழியே தோப்பு தெரிந்தது. வெயிலில் வேம்பின் நுனி துவண்டு தொங்கியது.

அவர் கண்ணில் நீர் முட்டிக்கொண்டு வந்தது.

“கழட்டிருதேன் தாயே.”

“எதை ஐயா?”

கேட்க அவர் அங்கே இல்லை.

முதல் வேம்பைக் குழியிலிருந்து தூக்கினார். பையில் கையை வைத்தார். பண்ணைக்காரன் முகம் ஞாபகம் வந்தது. வரட்டும் என்று ஒரே இழுப்பில் கிழித்தார்.

வெளியே போக இடமில்லாமல் வேர் பைக்குள்ளேயே சுற்றிச் சுற்றி, முறுக்கின கயிறு மாதிரி இறுகிக் கிடந்தது. விரலை விட்டு மெதுவாகப் பிரித்தார். அடப் பாவமே, இத்தனை நாளும் இதைத்தான் வரிசையில் நிறுத்தினோமா என்று மனசு அடித்துக்கொண்டது.

பிறகு கடப்பாரையை எடுத்தார். போன மாதம் அவர் கையாலேயே பூசி, அவரே தடவித் தடவிப் பார்த்த தளம். ஓங்கிப் போட்டார். பாளம் பாளமாகப் பெயர்ந்தது. மம்பட்டியை எடுத்து அடி மண்ணை வெட்டினார்.

சத்தம் தெரு வரைக்கும் கேட்டிருக்கிறது. கேட்டருகே பேச்சியம்மாள் வந்து நின்றாள்.

“ஐயா, வீடு எப்போ...” என்று ஆரம்பித்தவள் வாயைப் பிளந்தாள். “என்னய்யா இது! திறப்பீங்கன்னு பார்த்தா இடிச்சுக்கிட்டு இருக்கீங்க?”

“மண்ணைத் தேடுதேன் பேச்சி.”

அவள் அவரை ஏற இறங்கப் பார்த்தாள். கேட்டைத் திறந்துகொண்டு உள்ளே வந்தாள். சேலையை இழுத்துச் சொருகினாள்.

“மம்பட்டியை இப்படியா பிடிக்கிறது? தள்ளுங்க அந்தப் பக்கம். நீங்க பேத்துப் போடுங்க, குழியை நான் வெட்டுதேன்.”

நாலு மணிக்குக் காதர் மைதீன் வந்தார்.

முற்றத்தைப் பார்த்தால் குண்டு விழுந்த இடம் மாதிரி இருந்தது. ஒரு பக்கம் பெயர்த்த சிமெண்டுக் குவியல். நட்டது பாதி, நடாதது பாதி. நடுவில் முழங்கை வரைக்கும் சேறோடு ஆவுடையப்பன். அவ்வளவுதான், கதை முடிந்தது, ஐப்பசி போயிற்று என்று நினைத்தார்.

“இன்னைக்கு முடியாது சார். பாதிதான் ஆயிருக்கு. இன்னொரு நாள் வாங்க. உங்க காலைப் பிடிச்சுக் கேட்கேன், சீக்கிரமா வாங்க.”

காதர் மைதீன் அவரைப் பார்க்கவில்லை. செடிகளையும் பார்க்கவில்லை. மூலையில் ஒரு குவியல் கிடந்ததே, அங்கே போனார். குனிந்து ஒன்றை எடுத்தார். கறுப்பாக, கிழிசலாக அவர் விரலில் தொங்கியது.

“இது என்ன?”

“பை சார். செடி வந்த பை.”

“அது தெரியுது.”

அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

“செடியை எல்லாரும் காட்டுறாங்க ஐயா. இவ்வளவு வருஷத்துல காலிப் பையை யாரும் காட்டினதில்லை.”

பிறகு அந்த மனிதர் செய்ததுதான் வேடிக்கை. செருப்பைக் கழற்றினார். பேண்ட்டை முழங்கால் வரைக்கும் மடித்துவிட்டார்.

“முடிச்சாத்தான் கையெழுத்து. ஆனா நான் இருக்கேன், முடிங்க. அந்தப் புங்கன் சாயுது பாருங்க, நான் பிடிச்சுக்கிடுதேன்.”

பொழுது சாயும் முன்னால் கடைசிச் செடியும் மண்ணுக்குள் போயிற்று. பேச்சியம்மாள் ஒவ்வொன்றுக்கும் தண்ணீர் ஊற்றினாள். கொடகொடவென்று குடித்தது மண். மூன்று பேரும் அதையே பார்த்துக்கொண்டு நின்றார்கள்.

காதர் மைதீன் மதில் மேல் தாளை வைத்துக் கையெழுத்துப் போட்டார். தாளின் ஓரத்தில் செம்மண் விரல் அப்படியே பதிந்தது. அவர் துடைக்கவில்லை.

ஐப்பசி பிறக்கும் முன்னாலேயே கரண்டு வந்துவிட்டது.

சுவிட்சைப் போட யாரைக் கூப்பிடுவது? எம்.எல்.ஏ.வைக் கூப்பிடலாம் என்றார்கள் சிலர். ஆவுடையப்பன் சந்து வழியாகச் சுற்றாமல் நேராக ஆஸ்பத்திரி வாசலுக்குப் போனார். நடைபாதை முன்னால் நின்று நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு சத்தம் போட்டார்.

“பேச்சி! அடுத்த வாரம் வந்துருச்சு!”

பேச்சியம்மாள் சுவிட்சைத் தட்டினாள். விளக்கு எரிந்தது. விசிறி சுற்றியது. மேலே தொட்டியில் தண்ணீர் விழுகிற சத்தம் கேட்டது.

அவள் நாக்கைச் சுழற்றிக் குலவை போட்டாள் பாருங்கள்! மற்றப் பெண்களும் சேர்ந்துகொண்டார்கள். அந்தக் குலவை ஆஸ்பத்திரி வார்டு வரைக்கும் போயிருக்கும். உள்ளே கிடந்த புருஷன்மாரெல்லாம் என்னமோ ஏதோ என்று எழுந்து உட்கார்ந்திருப்பார்கள்.

“கவரையெல்லாம் கிழிங்கடி!” என்று கத்தினார் ஆவுடையப்பன். “ஒண்ணு விடாம கிழிங்க!”

சர்ர் சர்ர் என்று எல்லாக் கட்டிலிலிருந்தும் சத்தம். ஒருத்தி மெத்தையில் விழுந்து சிரித்தாள். ஒருத்தி முகத்தைப் புதைத்துக்கொண்டு அழுதாள். மழை வரட்டும்! எப்போது வேண்டுமானாலும் வரட்டும்!

எல்லாக் கட்டிலும் நிறைந்த பிறகு வாசலைப் பார்த்தால், மூட்டையோடு இன்னும் பத்துப் பேர் நின்றார்கள்.

ஆவுடையப்பன் மடத்துக்கு ஓடினார்.

“தாயே, அன்னைக்கே கேட்டேனே! பத்துப் பேர் மிச்சம். எங்கே படுக்க வைப்பேன்?”

மடத்துக் கூடத்தின் கதவு விரியத் திறந்திருந்தது. தரை கூட்டிக் கழுவியிருந்தது. உலகம்மை தம் பாயைச் சுருட்டி இடுக்கிக்கொண்டு வாசலில் நின்றார்.

“உள்ளே பத்துப் பேர் தாராளமாப் படுக்கலாம் ஐயா.”

“இது நீங்க உட்கார்ற கூடமாச்சே! நாங்க பாடம் கேட்கிற இடமாச்சே! இனிமே எங்கே உட்காருவீங்க?”

உலகம்மை தெற்கு முற்றத்தை மோவாயால் காட்டினார்.

“மர நிழல்ல.”

“எந்த மரம் தாயே? அது என் இடுப்பைக்கூட இன்னும் தாண்டலையே!”

உலகம்மை செம்பை அவர் கையில் கொடுத்தார்.

“அப்போ போய்த் தண்ணி ஊத்துங்க.”